கடலுக்குப் போகும் தம்பிக்கு லேசர் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ராமேசுவரத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறான். கிட்டப்பார்வைக்காக இரு கண்களுக்கும் மைனஸ் 4.5 பவர் கண்ணாடி அணிகிறான். இரவில் வலை இழுக்கும்போது உப்புத் தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மங்கிவிடுவதால், அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்கிறானாம். மூக்கை ஒட்டிய பக்கத்தில் வெண்விழியில் சதையும் வளர்ந்திருக்கிறது. லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா, டாக்டர்?
வாசகி, தங்கச்சிமடம்.

பதில்: கடந்த ஓராண்டில் பவர் 0.5க்கு மேல் மாறாமல் இருந்தால் உங்கள் தம்பியின் வயதும் பவரும் இந்தச் சிகிச்சைக்கு ஏற்றவையே. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது அந்தச் சதையைத்தான். வெயிலிலும் காற்றிலும் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு வருகிற இந்த வளர்ச்சி, கருவிழியின் மேல் ஏறினால் அதன் வளைவையே மாற்றிவிடும்; அந்த நிலையில் எடுக்கும் அளவுகளை நம்பி லேசர் செய்ய இயலாது. அப்படி ஏறியிருந்தால், சதையை அகற்றிவிட்டுச் சில மாதங்கள் பொறுத்து, பவர் ஒரே நிலைக்கு வந்த பிறகே அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்தது கருவிழியின் கனம். பலருக்கு அது நடுப்பகுதியில் 540 மைக்ரானை ஒட்டி, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். லாசிக் முறையில் கருவிழியின் மேற்பரப்பில் சுமார் 110 மைக்ரான் கனமுள்ள ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அதன் அடியில் ஒரு டயாப்டர் (பவரின் அலகு) குறைக்க 12 முதல் 16 மைக்ரான் வரை லேசரால் செதுக்குவார்கள். மைனஸ் 4.5க்கு ஏறத்தாழ 55 முதல் 70 மைக்ரான் போகும். மடலுக்கு அடியில் குறைந்தது 250, பல மருத்துவர்களின் கணக்கில் 300 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். கனம் போதுமானதாக இருந்தாலும், கருவிழி கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸின் சாயல் ஸ்கேனில் தெரிந்தால் லாசிக் வேண்டவே வேண்டாம்.

கனம் இருந்தாலும் உங்கள் தம்பிக்கு நான் லாசிக்கை முதலில் சொல்ல மாட்டேன். மடல் மீண்டும் ஒட்டிக்கொண்டாலும் பழைய உறுதியை முழுமையாகப் பெறுவதில்லை. வலை இழுக்கும் விஞ்சில் ஓடும் கயிறோ தூண்டில் முள்ளோ கண்ணில் பட்டால், ஆண்டுகள் கழித்தும் அந்த மடல் விலகக்கூடும். மடலே இல்லாத பிஆர்கே முறையில் மூன்று நான்கு நாட்கள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். சிறு கீறல் வழியாகச் செய்யும் ஸ்மைல் முறையில் வலி குறைவு, செலவு கூடுதல். இரண்டில் எது என்பதைப் பரிசோதித்த மருத்துவர் முடிவு செய்யட்டும். ‘பத்து நிமிட வேலை’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். லேசர் ஓடும் நேரம் சிறிது, கண் ஆறும் காலம் பெரிது.

அந்தக் காலத்துக்கு, விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மிகவும் பொருத்தமானது. மார்ச் மாதத்திலேயே மதுரை போன்ற ஊரில் பரிசோதனைகளை முடித்துவிட்டு, ஏப்ரல் 15ஐ ஒட்டிச் சிகிச்சை செய்துகொண்டால், ஜூன் 14 வரை கடல் நீரும் மீன் கழிவும் கண்ணில் படாமல் காக்கலாம். மறுநாளும் அடுத்த வாரமும் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருப்பதால், மதுரையில் உறவினர் வீடு இருந்தால் முதல் வாரம் அங்கேயே தங்குவது நல்லது. சதையை அகற்ற வேண்டியிருந்தால் இந்தத் தடைக்காலத்தை அதற்கு ஒதுக்கி, லேசரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

முதல் சில மாதங்களுக்குக் கண் வறட்சியும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளி வளையமும் இருப்பது உண்டு. பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் கரைக்குத் திரும்பும் வேலையில் இருப்பவர் இதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாற்பதைக் கடந்தால் வெள்ளெழுத்துக் கண்ணாடி எல்லாரையும் போல அவருக்கும் தேவைப்படும். செலவைப் பொறுத்தவரை, பவர் 7.5க்குக் குறைவாக இருந்தால் மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குக் கிடைக்காது.

லேசர் கருவிழியை மட்டுமே மாற்றும். கிட்டப்பார்வையால் நீண்டு போன கண்ணின் விழித்திரை முன்பு போலவேதான் இருக்கும். ஆகவே சிகிச்சைக்கு முன் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னாளில் மின்னல் போன்ற ஒளியோ, மிதக்கும் கரும்புள்ளிகளோ, திரை விழுந்தாற்போன்ற மறைப்போ திடீரென்று தோன்றினால், அன்றைக்குப் படகேறாமல் நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.