துருவக் கரடிக்கு கேரன்டி உண்டா?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததால், நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கப்பலில் போய்வர ஆசைப்படுகிறோம். இரண்டு ஏஜென்ட்டுகள் விலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று 120 பேர் போகும் சின்னக் கப்பல். இன்னொன்று ஆயிரம் பேருக்கு மேல் ஏறும் பெரிய கப்பல். நீச்சல் குளம், தியேட்டர் எல்லாம் இருந்தும் விலை பாதிதான். இரண்டு விளம்பரத்திலும் கரடி படம் போட்டிருக்கிறார்கள். எதை வாங்கலாம்? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: கரடி படத்தை விடுங்கள், அது எல்லாக் கையேட்டிலும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பயணிகள் எண்ணிக்கையை.

ஸ்வால்பார்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. 2025 ஜனவரி 1 முதல், 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் அந்தப் பகுதிகளுக்குள் போகக் கூடாது என்று நார்வே சட்டம் போட்டுவிட்டது. சின்னக் கப்பல்காரர்களும் அங்கே நினைத்த இடத்தில் கரையிறக்க முடியாது. குறித்துக் கொடுத்த 43 இடங்கள்தான். ஆக, பெரிய கப்பல் உங்களை ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனுக்கும் பக்கத்து ஃபியோர்டுகளுக்கும் (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழையும் கடல்) கூட்டிப்போகும். மலையும் பனியாறும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் ஆசைப்படும் பயணம் அது இல்லை. பாதி விலைக்கு வேறு ஒரு பொருளை விற்கிறார்கள், அவ்வளவுதான்.

கரடி விஷயத்துக்கு வருவோம். அதே சட்டப்படி கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அந்தத் தூரத்தில் வெறும் கண்ணுக்கு அது பனியில் ஒரு மஞ்சள் புள்ளி. முகம் நிறைய கரடி தெரியும் படங்களைக் காட்டி விற்றால், அது பழைய கையேடா, பெரிய லென்ஸில் எடுத்ததா என்று கேளுங்கள். கரடி தெரியாமல் திரும்பினால் பணம் வாபஸ் என்று எந்த நல்ல கம்பெனியும் எழுதித் தராது. ஒருவர் எழுதித் தந்தால் அவரிடம் வாங்காதீர்கள். நல்ல பைனாகுலர் ஒன்றுக்குச் செலவு செய்யுங்கள், ஆளுக்கு ஒன்றாக. ஒன்றை வைத்துக்கொண்டு கணவன் மனைவி பங்கு போடுவது நடக்காத காரியம்.

‘தீவைச் சுற்றி முழு வலம்’ என்று போட்டிருந்தால் கையேட்டின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். பாதை மாறலாம், முடிவு கேப்டனுடையது, அதற்கு இழப்பீடு கிடையாது என்று இருக்கும். இது ஏமாற்று இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் பனி விலகாவிட்டால் கப்பல் போக வழியில்லை. ஜூனில் வெண்பனி அழகு. சுற்றிவர வேண்டுமானால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு வரை வாய்ப்பு அதிகம்.

முழங்காலைப் பற்றி. கரையிறங்குவது ஸோடியாக் என்ற ரப்பர் படகில். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, அலையில் ஏறி இறங்கும் படகில் கால் வைக்க வேண்டும். மாலுமி உங்கள் விரல்களைப் பிடிக்க மாட்டார். மணிக்கட்டுக்கு மேலே அவர் பிடிப்பார், நீங்களும் அப்படியே பிடிக்க வேண்டும். கரையில் முழங்காலுக்குக் கீழே வரை தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டிவரலாம். உயரமான ரப்பர் பூட்ஸை பல கப்பல்களில் கடன் கொடுப்பார்கள். நீர்புகா பேன்ட் நீங்கள்தான் வாங்க வேண்டும். கரையில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியை விட்டு விலக முடியாது, அதனால் பாதியில் ‘நான் திரும்பிப் போகிறேன்’ என்பதும் எளிதல்ல. இறங்காமல் படகிலேயே சுற்றிவரும் நாட்கள் எத்தனை என்று முன்பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாமாமே? அப்படியானால் விசாக் கட்டணம் என்று ஏஜென்ட் ஏன் வாங்குகிறார்?

பதில்: தீவுக்கு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அங்கே விமானம் நார்வே நகரங்களான ஓஸ்லோ அல்லது ட்ரோம்சோ வழியாகப் போகிறது. அதற்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். ஸ்வால்பார்ட் நார்வேயுடையதுதான், ஆனால் ஷெங்கனுக்கு வெளியே. தீவுக்குப் போனால் நீங்கள் வெளியேறிவிட்டதாகக் கணக்கு, திரும்பி ஓஸ்லோவில் இறங்கினால் இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்புகையில் சிக்கல். இரண்டு அல்லது பல நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் வந்ததும் விசா ஸ்டிக்கரில் அது சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காப்பீட்டிலும் இதே கதைதான். விசாவுக்காக எடுக்கும் பாலிசியில் ‘ஷெங்கன் நாடுகள்’ என்று மட்டும் இருந்தால், கப்பலில் இருக்கும் நாட்களுக்கு அது கைகொடுக்காமல் போகலாம். லாங்யர்பியனில் சின்ன ஆஸ்பத்திரிதான். பெரிய சிகிச்சைக்கு விமானத்தில் ட்ரோம்சோ போக வேண்டும். ஸ்வால்பார்ட் என்ற பெயரும், அவசர மீட்பும் பாலிசியில் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், ஏஜென்ட் பயண விலையோடு சேர்த்து வசூலிக்கும் டிசிஎஸ் என்ற வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பேரனுக்காக டிரோன் வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை, லாங்யர்பியன் விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கும் தடை. பெட்டியில் பாரம்தான் மிச்சம்.

கேள்வி: அங்கே இந்தியாவின் ஆய்வு நிலையம் இருக்கிறதாமே. அங்கிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட முடியுமா?

பதில்: ஹிமாத்ரி. 2008 முதல் நி-ஓலசுண்ட் என்ற குடியிருப்பில் இருக்கிறது. உங்கள் கப்பல் அங்கே நின்றால் வெளியிலிருந்து பார்க்கலாம். ஆனால் ஆய்வுக் கருவிகளுக்கு இடைஞ்சல் கூடாது என்பதால் ஊரே ‘ரேடியோ அமைதி’ப் பகுதி, ரேடியோ அலை வீசும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு. வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் கரையிறங்க வேண்டும். அங்குள்ள கடையில் ஒரு தபால் அட்டை வாங்கிப் பேரனுக்கு எழுதிப் போடுங்கள்.