மாத்திரை அட்டையை எண்ணிய பெண்ணுக்கு ஆறு லட்சத்தில் ஒரு பட்டம் எதற்கு?

போன மாதம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா நான்கு விசைத்தறியைக் கூலிக்கு ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல், கடைசி வருடம். உட்கார்ந்ததும் அம்மா பையிலிருந்து வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ், இரண்டு வருடம், விடுதியோடு சேர்த்து ஆறு லட்சத்துச் சொச்சம்.

"என் தம்பி பெங்களூர்ல ஐ.டி.யில இருக்கானுங்க சார். இதுல சேர்த்துட்டா ரெண்டே வருஷத்துல கை நிறையச் சம்பளம்னு சொல்றான். வீட்டுப் பத்திரத்தை வச்சுப் பணம் பொரட்டலாம்னு இருக்கோமுங்க. சரியா வருமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் "பயப்படாதீங்கம்மா, நல்ல துறைதான்" என்று ஆரம்பிப்பேன். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதற்குள் அந்தப் பெண் மடியில் வைத்திருந்த நோட்டு கண்ணில் பட்டது. என்னம்மா அது என்று கேட்டதற்கு, என்.எஸ்.எஸ். முகாமில் எழுதியது என்றாள்.

முகாமில் ஊர்க்காரர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். எண்களைக் குறித்துக்கொள்வது இவள் வேலை. 120, 130, 140 என்று பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிவதை இரண்டாம் நாளே கவனித்துவிட்டாள். "அந்தப் பாதரசக் கருவியில ரெண்டு ரெண்டாத்தான் கோடு இருக்குது சார். 0, 2, 4, 6, 8 எல்லாம் சமமா வரணும். அஞ்சுல ஒண்ணுதான் பூஜ்யத்துல முடியணும். பார்க்கறவங்க அவங்களா ரவுண்டு பண்ணிடறாங்க." அடுத்த பக்கத்தில் இன்னொன்று. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லாருமே ஆமாம் என்கிறார்கள். இவள் நம்பாமல், "பாட்டி, அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கி மீதியை எண்ணியிருக்கிறாள். கணக்கு இடித்தது. மருமகள் பக்கத்தில் நின்றால் ஒரு பதில், இல்லாவிட்டால் வேறு பதில் என்றும் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

புத்தகத்தை மூடி அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். இந்தக் கடனை வாங்காதீர்கள் என்று நேராகவே சொன்னேன்.

காரணம் இதுதான். புள்ளியியல் படித்த பெண்ணுக்கு அந்த ஆறு லட்சம் புதிதாக வாங்கித் தரப்போவது பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல்மொழியும் சில மென்பொருள் பழக்கமும்தான். வீட்டில் ஒரு கணினியும் ஆறு மாதப் பிடிவாதமும் இருந்தால் அவற்றைக் கற்றுக்கொள்ளலாம். நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், பிழையை அளத்தல் என்று மற்றவர்கள் தடுமாறும் அடிப்படையெல்லாம் இவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாமாவின் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் அலுவலகம். இந்த நோட்டை அவர் பார்த்ததில்லை. பார்த்தீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். அவரும் பார்க்கவில்லை.

எம்.பி.ஏ., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றி எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இவள் செய்ததற்கு ஒரு துறை இருக்கிறது. மக்கள் உடல்நலம் சார்ந்து எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தரவை வைத்து ஆராய்வது. மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள், புகையிலையை ஏன் விட முடியவில்லை, தடுப்பூசி போட ஒரு தெருவே வரும்போது அடுத்த தெரு ஏன் வருவதில்லை. இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் 1956-இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்தாக வேண்டும். வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியம், பாதிப் பேருக்கு வீடு. 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்திருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை.

ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரை வயிற்றுக்குப் போனதா? அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே.

அதே கேள்விதான் இன்றும் நிற்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலிலிருந்து வாய்வரை உள்ள தூரத்தை யாராவது அளந்தாக வேண்டும்.

வெறும் கணக்கு மட்டும் தெரிந்தவரால் இதைச் செய்ய முடியாது. "புகையிலை பயன்படுத்துகிறீர்களா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டால் ஐயையோ இல்லை என்பார். வெற்றிலையோடு சேர்த்துப் போடுவது அவர் கணக்கில் புகையிலையே இல்லை. அதனால்தான் தேசிய அளவிலான வயதுவந்தோர் புகையிலை ஆய்வில் புகைப்பதையும் மெல்லுவதையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். 2016-17 ஆய்வின்படி புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு! ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் இதில் எவ்வளவு கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும்? உடற்பயிற்சியும் அப்படித்தான். குடம் குடமாகத் தண்ணீர் தூக்குபவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஏதுங்க" என்பார். உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாளில் வேலை, நடந்து போவது, பொழுதுபோக்கு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது இதனால்தான். தமிழ் வழியில் படித்துவிட்டாளே என்று அம்மா அன்று இரண்டு முறை வருத்தப்பட்டார். இந்த வேலையில் அது சொத்து. ஆய்வுக் கட்டுரை எழுத மட்டும் ஆங்கிலம் வேண்டும். கணக்கைவிட அதுதான் இவளுக்குக் கஷ்டமாக இருக்கும், அதையும் மறைக்கவில்லை.

சரி, எங்கே படிப்பது? முதல் வழி, அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. புள்ளியியல். செலவு கையைக் கடிக்காது. இரண்டாவது, வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல். மருத்துவமனைக்குள்ளேயே இருந்து படிப்பதால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நோயாளி கண்ணுக்குத் தெரிவார். மூன்றாவது, மும்பை தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், சுருக்கமாக ஐ.ஐ.பி.எஸ். இதுவும் 1956-இல் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. செய்தித்தாளில் அடிபடும் தேசிய குடும்பநல ஆய்வை நடத்துபவர்கள் இவர்கள்தான். 2019-21-இல் நடந்த ஐந்தாவது சுற்றில் மட்டும் சுமார் 6.37 லட்சம் வீடுகள். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் மக்கள்தொகையியலும் சேர்த்தே அங்கே எம்.எஸ்சி. படிக்கலாம். சேர்க்கை விதிகளை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள், யாரோ சொன்னதை வைத்து விண்ணப்பிக்காதீர்கள். எம்.பி.எச். என்ற பொது சுகாதாரப் படிப்பு வேறு. அதற்கு இப்போது அவசரமில்லை. வெளிநாட்டில் கடன் வாங்கி எம்.பி.எச். என்று யாராவது ஏஜென்ட் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதுகலை முடித்ததும் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும். சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. மருத்துவப் புள்ளியியலுக்கென்றே சென்னையில் இருந்த ஒரு நிறுவனத்தையும் ஆவடி தொழுநோய்க் களப்பிரிவையும் இணைத்து 1999-இல் உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வருடம் களத்துக்குப் போய்வந்தால் இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

பிறகு முனைவர் பட்டம். இதில் நான் கறார். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை இல்லாமல் சேரக் கூடாது. அதற்குத் தேசிய அளவில் தேர்வு இருக்கிறது. யு.ஜி.சி. நெட் தேர்வில் மக்கள்தொகையியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் கணித அறிவியல் தாளுக்குள் புள்ளியியல் வருகிறது. ஜே.ஆர்.எஃப்.புக்குத் தேறினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. படிக்கச் சம்பளம் தருகிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கைக்காசைக் கட்டி பகுதிநேர பி.எச்டி. என்று எவர் சொன்னாலும் வேண்டாம்.

அதற்கு மேல் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியலாளர் பணியிடம், பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர், ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களில் விஞ்ஞானி. இடங்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உதவித்தொகை சில நேரம் மாதக்கணக்கில் தாமதமாகும். திட்டம் முடிந்தால் ஒப்பந்த வேலையும் முடியும். முதல் ஐந்தாறு வருடம் பெங்களூர் மாமா பையன் இவளைவிட அதிகம் வாங்குவான். தீபாவளிக்கு வீட்டில் அந்தப் பேச்சு வரும். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போதும் வீட்டுப் பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வாரம் வந்த ஒரு பையனுக்குக் கணினியில் கோட் எழுதுவது மட்டும்தான் பிடிக்கும், ஊருக்குள் போய் ஆட்களிடம் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அவனுக்கு இது வேண்டாம் என்றேன். மருத்துவம் கிடைக்கவில்லையே, ஹெல்த் என்று பெயராவது வரட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கும் அதே பதில்தான்.

அம்மா கடைசியாகக் கேட்டார். "வரன் கேட்டு வர்றவங்க என்ன வேலைன்னு கேட்டா என்னங்க சொல்றது?" நான் பதில் சொல்வதற்குள், "முதல்ல வேலைக்குப் போகட்டும், அப்புறம் வர்றவங்க வரட்டும்" என்று அப்பா முடித்துவிட்டார்.

பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றில் மருத்துவச் செலவு பற்றிய தரவு இருக்கிறது. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவுசெய்தால் இலவசம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். தமிழ்நாட்டை மட்டும் பிரித்தெடு, ஒவ்வொருவருக்கும் தந்திருக்கும் எடையை, அதாவது அவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்ணைச் சேர்க்காமல் ஒரு சதவீதம்கூடக் கணக்கிடாதே என்றேன். எந்த ஊரில் எத்தனை வீடு எடுத்தார்கள் என்பது அந்த ஊரின் மக்கள்தொகை விகிதத்தில் இருக்காது. எடையை விட்டுவிட்டால் சின்ன இடம் பெரிதாகவும் பெரிய இடம் சின்னதாகவும் தெரியும். முடித்த பட்டதாரிகளே சறுக்கும் இடம் இது.

மூன்று வாரம் கழித்து மூவரும் திரும்ப வந்தார்கள். அவள் மடிக்கணினியைத் திறந்து வயதுவாரியாகப் போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டினாள். 40, 45, 50, 60, 65-இல் கோபுரம் மாதிரி நிமிர்ந்தும், நடுவில் எல்லாம் பள்ளமாகவும் இருந்தது. எடை சேர்த்துத்தான் போட்டேன் சார் என்றாள். அப்பா குனிந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு அறுபதுல மட்டும் இத்தனை கூட்டம்?"

"நம்ம ஆத்தாளுக்கு என்ன வயசுப்பா?"

"அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்" என்றார் அவர். சொன்னவர் மறுபடியும் திரையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.