தொப்பையும் சிறுநீரகக் கல்லும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பதில் சொல்பவர்: பினாங்கில் மருத்துவமனை லேபில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்

செந்தூல், லோரி ஓட்டுநர்: அண்ணே, இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, தொப்பை மூணும் இருக்கு. இப்போ கல்லும் வந்துடுச்சி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கா?

இருக்கு தம்பி. இடுப்பு 90 செ.மீ. (பெண்ணுக்கு 80), ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சீனி 5.6 mmol/L, டிரைகிளிசரைட் என்னும் ரத்தக் கொழுப்பு 1.7 mmol/L, குறைந்த நல்ல கொழுப்பு: இந்த ஐந்தில் மூன்று எல்லை தாண்டினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம். அப்போது இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாது. சிறுநீரகமும் போதிய அமோனியா சுரக்காது. சிறுநீரில் அமிலத்தை அடக்கி வைப்பது அந்த அமோனியாதான். அது குறைந்தால் சிறுநீரின் பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கும், யூரிக் அமிலம் கரையாமல் கல்லாகும். லேபில் சோதனை ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் முக்கினால் பிஎச் கட்டம் ஆரஞ்சிலேயே நிற்கும், பச்சைப் பக்கம் எட்டியும் பார்க்காது. ரத்தத்தில் யூரிக் அமிலம் அளவாக இருப்பவருக்கும் இது வரும். சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கல் தெரியாது, சிடி ஸ்கேனில் தெரியும்.

நல்ல சேதி, இதை மருந்திலேயே கரைக்கலாம். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து பிஎச்சை 6.5 பக்கம் ஏற்றுவார்கள். ரத்தக்கொதிப்புக்குப் பெரிண்டோபிரில், லோசார்ட்டான் சாப்பிடுகிறவர் ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்காமல் இதைத் தொடக்கூடாது. எல்லாருக்கும் இந்தக் கல்தான் என்றில்லை, பெரும்பாலும் வருவது கால்சியம் ஆக்சலேட். வெளியே வந்த கல்லை வீசாமல் லேபுக்குக் கொடுங்கள்.

பிறை: கால்சியம் கல்லுன்னா பாலை நிறுத்தணுமா?

கூடாது. சாப்பாட்டோடு போகும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். குறைக்க வேண்டியது உப்பு.

செலாயாங்: பீர் குடிச்சா கல் விழுந்துடுமாமே?

யூரிக் அமிலம்தான் ஏறும். அடுத்தவர்.

ஜெலுத்தோங்: வாழைத்தண்டுச் சாறு குடிச்சே என் மாமாவுக்குக் கல் போச்சு. இங்கிலீஷ் மருந்துக்காரங்க ஒத்துக்க மாட்டீங்க.

அக்கா, மாமாவின் கல் எத்தனை மில்லிமீட்டர்? ஐந்துக்குள் என்றால் அநேகமாகத் தானாகவே இறங்கும். அந்த வாரம் எதைக் குடித்தாரோ அதற்குத்தான் பெயர் போகும். தண்டை நானும் பொரியல் வைத்துச் சாப்பிடுகிறவன்தான். அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

ஜெலுத்தோங்: ஏழு மில்லிமீட்டர்! ரிப்போர்ட்டே இருக்கு.

ஏழும் சிலருக்கு இறங்கும் அக்கா. பிறகு ஸ்கேன் எடுத்தாரா? வலி நின்றது கல் போனதற்குச் சாட்சி ஆகாது. அடைத்துக்கொண்ட சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: நானும் தண்டுச் சாறு பக்கம்தான். பெலிம்பிங் ஜூஸும் கலந்து குடிக்கலாமா?

தண்டு பற்றி மேலே சொல்லிவிட்டேன். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) வேண்டவே வேண்டாம். அதில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு மூளையையே பாதிக்கும் நஞ்சும் அதில் உண்டு.

பட்டர்வொர்த்: கிரியேட்டினின் 180. என்ன மருந்து சாப்பிடலாம்?

கிரியேட்டினின் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு. நான் டாக்டர் இல்லை. நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

கெப்போங்: இடுப்பு வலியோட குளிர்க்காய்ச்சல். தண்டுச் சாறு…

சாறு இல்லை ஐயா, அவசரப் பிரிவு. இப்போதே கிளம்புங்கள்.

பாயான் லெப்பாஸ்: வேலை முழுக்க வெயில்ல. எவ்வளவு தண்ணி? தே தாரிக் கணக்கா?

சிறுநீர் மட்டும் நாளுக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும், அந்த அளவுக்குக் குடியுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் சிராப்பும் இடுப்பைத்தான் ஏற்றும். பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கணக்கில் சேரும்.