மாடு மேய்ந்த இடத்தில் மானுக்கு என்ன மிஞ்சும்?

காட்டோரப் புல்வெளியை மாடும் மானும் பங்கிட்டுக்கொள்வது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும், சென்னைவாசிகளிடமிருந்தே பாதிக் கேள்விகள் வந்துவிட்டன. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வேளச்சேரி: ஐயா, கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான்தான் அதிகம் கண்ணில் படுகிறது. வெளிமானுக்கு மாடுகளால் நெருக்கடியா?

மாடுகள்மேல் பழி வேண்டாம். தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கிண்டியின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் நகரம். புள்ளிமான் புல்லும் தின்னும், தழையும் தின்னும், உதிர்ந்த பழத்தையும் பொறுக்கும். வெளிமான் அப்படியல்ல. எதிரியைத் தொலைவிலேயே பார்த்து ஓடித் தப்பும் விலங்கு அது. திறந்த புல்வெளி வேண்டும். அங்கே புதர் மண்டினால் அதற்குப் போக்கிடம் கிடையாது. வெட்டவெளியைக் கண்டாலே மரக்கன்றும் கையுமாகக் கிளம்பும் அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வேதாரண்யம்: கோடியக்கரைப் பக்கம் எங்கள் மாடுகள் மேய்கின்றன. மானின் பங்கை அவை தின்றுவிடுகின்றன என்கிறார்களே?

எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. மாடு நாக்கைச் சுழற்றி உயரமான புல்லைப் பிடித்து இழுக்கும். வெளிமானின் வாய் குறுகலானது. இளந்தளிராகப் பார்த்துக் கொய்யும். மழைக்குப் பின் முற்றிய புல்லை மாடு தின்றால், அடியிலிருந்து துளிர்ப்பது மானுக்கு உதவும். பங்குனி, சித்திரையில் கட்டைப்புல்தான் மிஞ்சும். அப்போது இரண்டுக்கும் போட்டிதான். கென்யாவில் வேலியடைத்துச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. அங்கே வரிக்குதிரை முதலியவற்றோடு மேய்ந்த மாடுகள் கோடையில் எடை குறைவாகவும், மழைக்காலத்தில் கூடுதலாகவும் ஏறின. ஆகவே கோடையில் மாடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கோடியக்கரையில் காட்டுக்குதிரைகளும் உண்டு. மேலும் கீழும் வெட்டுப்பல் இருப்பதால் அவை தரையோடு ஒட்ட அறுத்துவிடும்.

இன்னொன்று, சீமைக்கருவேலம். அதன் நெற்றை மாடு விரும்பித் தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். மானும் இதைச் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புல்வெளி சுருங்குவதில் எனக்குப் பெரிய கவலை இதுதான்.

தாம்பரம்: எங்கள் பூர்வீகம் அந்தியூர். பர்கூர் மாடுகளைக் காட்டில் மேய்க்கவே கூடாதா?

2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் தடைவிதித்தது. பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கிக்கொண்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. மலைப்பட்டியிலேயே வளர்ந்த இனத்தைத் தொழுவத்தில் கட்டிப்போட்டுக் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை.

மடிப்பாக்கம்: நோய் பரவுமா டாக்டர்?

பரவும். 1968இல் முதுமலைப் பகுதியில் காட்டு மாடுகள் (காட்டெருமை என்பார்களே, அவைதான்) வெக்கை நோயால் (ரிண்டர்பெஸ்ட்) கொத்துக்கொத்தாக மடிந்தன. மாடுகளுக்கு விடாமல் தடுப்பூசி போட்டதால்தான் 2011இல் உலகமே அந்நோயிலிருந்து மீண்டது. இப்போது அச்சம் கோமாரி. வாயில் நூல்போல எச்சில் வடியும், குளம்பிடுக்கில் கொப்புளம் வெடிக்கும். நொண்டும் காட்டு மாடு மந்தையோடு நடக்க முடியாது. அதைப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? நம் மாட்டுக்குத்தான் போட வேண்டும். சரணாலயத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. கோமாரி ஊசி இலவசம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

திருப்போரூர்: மந்தையோடு நாய் போகலாமா?

கூடவே கூடாது. பெண்மான் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். நாய் மோப்பம் பிடித்தால் குட்டி பிழைக்காது.

அடையாறு: தெருவுக்கு வரும் மானுக்கு மீந்த சோறு வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. அசைபோடும் விலங்கின் வயிற்றில் சோறு அதிகம் போனால் புளித்து அமிலம் ஏறும். மாட்டுக்கும் அதே கதைதான். அதைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து போடுவது இன்னும் மோசம், பையோடுதான் விழுங்கும்.