லாயத்துக் காபிக் கோப்பை முதல் பிகோகிராம் வரை: பந்தயக் குதிரை மருந்துச் சோதனை கேள்வி-பதில்

கேள்வி: யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் எங்கள் குதிரையின் சிறுநீரில் காஃபின் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. யாராவது சதி செய்திருப்பார்களா?

பதில்: சதியைத் தேடும் முன் லாயத்தை ஒரு சுற்று பாருங்கள். தீவனத் தொட்டி விளிம்பில் காபிக் கோப்பையை வைத்துவிட்டுக் குதிரையைத் தேய்க்கிறவர் உண்டா? சாக்லேட் தின்ற கையோடு கடிவாளம் மாட்டுகிறார்களா? சொல்லக் கூச்சமான ஒன்றும் இருக்கிறது. கழிவறை வரை நடக்கச் சோம்பல்பட்டுக் குதிரைக்கு விரித்த வைக்கோலிலேயே சிறுநீர் கழிப்பது. குதிரை அந்த வைக்கோலைத் தின்னும். பராமரிப்பவர் போட்ட வலி மாத்திரை குதிரையின் சாம்பிளில் வந்து நிற்கும். இப்படி மாட்டிக்கொண்ட வழக்குகள் ஒன்றிரண்டல்ல.

தீவனமும் காலை வாரும். இங்கிலாந்தின் 2014 ஆஸ்காட் கோல்டு கப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த எஸ்டிமேட், ராணி இரண்டாம் எலிசபெத்தின் குதிரை. சாம்பிளில் மார்ஃபின். தீவனத்தில் கசகசாச் செடி கலந்திருந்ததுதான் காரணம், மார்ஃபின் அந்தச் செடியிலேயே இருப்பது. பயிற்சியாளருக்குத் தண்டனை இல்லை, ஆனால் இரண்டாம் இடம் போயிற்று. தண்டனை வேறு, தகுதிநீக்கம் வேறு என்பதை இங்கே கவனியுங்கள். முன்னது உங்கள் கவனக்குறைவைப் பார்க்கும். பின்னது சாம்பிளை மட்டுமே பார்க்கும். இதுபோன்ற சுற்றுப்புறக் கலப்புக்காகவே காஃபின், மார்ஃபின் போன்றவற்றுக்குச் சர்வதேசக் குதிரைப்பந்தயக் கூட்டமைப்பு தனி வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் அளவு அதைத் தாண்டியதா என்று முதலில் கேளுங்கள். இனிமேல் மூட்டையின் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி தீவனத்தைத் தனியே எடுத்து வையுங்கள். விசாரணையில் வாய்ப்பேச்சைவிட அந்த ஒரு பிடி அதிகம் பேசும்.

கேள்வி: வெறும் 21 பிகோகிராமுக்காகக் கென்டக்கி டெர்பி வெற்றியைப் பறித்தது நியாயமா?

பதில்: அமெரிக்காவின் அந்தப் பந்தயத்தில் 2021-இல் முதலில் வந்த குதிரை மெடினா ஸ்பிரிட் பற்றிக் கேட்கிறீர்கள். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன் (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) இருந்ததால் குதிரை வேகமாக ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வழக்கு அதைப் பற்றியதே இல்லை. பந்தய நாளில் அந்த மருந்து உடம்பில் இருக்கவே கூடாது என்பது அங்கே விதி. தோல் தடிப்புக்குப் போட்ட களிம்பு என்ற வாதம் எடுபடவில்லை. 2022 பிப்ரவரியில் வெற்றி இரண்டாவதாக வந்த மண்டலூன் என்ற குதிரைக்குப் போனது.

விதி ஏன் இவ்வளவு கறார்? ஆய்வகத்துக்குத் தெரிவது மிச்சம் மட்டும்தான். எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வழியாக என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. இதே மருந்தை மூட்டில் ஊசியாகப் போட்டால் வலி அடங்கிவிடும். கெட்ட மூட்டோடு ஐந்நூறு கிலோ எடை முழு வேகத்தில் ஓடி, எலும்பு முறிந்தால் குதிரையோடு ஜாக்கியும் விழுவார். மூட்டு ஊசிக்குப் பிறகு 14 நாள் ஓடக் கூடாது என்று பல இடங்களில் வைத்திருப்பது இதனால்தான்.

ஆனால் ஒன்று. கருவிகள் வருடத்துக்கு வருடம் கூர்மையாகின்றன. சிகிச்சை மருந்துக்கும் பூஜ்ய வரம்பு என்றால் நாளைக்கு யாரும் தப்ப முடியாது. இந்த வகை மருந்துகளுக்குத் தெளிவான வரம்பு வேண்டும் என்பது என் கட்சி. தசையைப் பெருக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு, ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஈபிஓ போன்றவை வேறு கதை. அவற்றில் பேரமே கூடாது.

கேள்வி: சமையல் சோடாவுக்கும் தடையா?

பதில்: ஆமாம். சோடாவைத் தண்ணீரிலும் சர்க்கரையிலும் கரைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இறக்குவார்கள். தசையில் சேரும் அமிலத்தைத் தணித்துக் களைப்பைத் தள்ளிப்போடும் என்ற நம்பிக்கை. பந்தயத்துக்கு முன் எடுக்கும் ரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 36 மில்லிமோலைத் தாண்டினால் மாட்டினீர்கள்.

கேள்வி: சாம்பிளை மாற்றிவிட முடியாதா?

பதில்: எளிதில்லை. பந்தயம் முடிந்ததும் குதிரையைத் தனி அறைக்குக் கொண்டுபோவார்கள். நீளக் கம்பில் கட்டிய கிண்ணத்தோடு ஒருவர் நிற்பார், சீழ்க்கை அடித்துக்கொண்டே. பழக்கப்பட்ட குதிரை சீழ்க்கை கேட்டால் சிறுநீர் விடும். முரண்டு பிடித்தால் ரத்தம் எடுத்துவிடுவார்கள். சாம்பிளை இரண்டாகப் பிரித்து உங்கள் ஆள் கண்முன்னாலேயே முத்திரை வைப்பார்கள். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், குதிரையின் பெயர் போகாது. முதல் பாட்டிலில் சிக்கினால், இரண்டாவதைச் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. முத்திரை வைக்கும்போது உங்கள் ஆள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்புறம் புகார் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: மருந்துப் பட்டியலில் ஒரு மருந்து சோதனையில் தெரியும் காலம் 7 நாள் என்று போட்டிருக்கிறது. எட்டாம் நாள் ஓட்டலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 7 நாள் என்பது சில குதிரைகளை வைத்துச் சோதித்துக் கண்ட காலம். உங்கள் குதிரையின் வயது, எடை, கொடுத்த அளவு, ஊசியா வாய்வழியா என்பதைப் பொறுத்து இது மாறும். மருந்து வைக்கோலில் ஒட்டியிருந்து திரும்ப உள்ளே போவதும் உண்டு. மருத்துவரிடம் பாதுகாப்பு நாட்களையும் கூட்டிச் சொல்லச் சொல்லி, தேதியோடு எழுதி வாங்குங்கள். சந்தேகம் தீரவில்லையா? பல அமைப்புகள் பந்தயத்துக்கு முன்பே பணம் கட்டிச் சோதித்துப் பார்க்க விடுகின்றன.