ஜப்பானியக் குழந்தைகளின் கிமோனோவில் முதுகுப் பக்கம் தனியாக ஒரு தையல் போடுவது ஏன்?

அந்தத் தையலுக்கு ‘செமமோரி’ என்று பெயர். முதுகுக் காவல் என்று பொருள். பெரியவர்களின் கிமோனோவில் இரண்டு துணிகள் முதுகின் நடுவே சேர்வதால் அங்கே ஒரு தையல் ஓடும். கைக்குழந்தைக்கோ, ஏறத்தாழ 36 செ.மீ. கொண்ட ஒற்றைத் துணி அகலமே போதும். எனவே நடுத்தையல் இருக்காது. ஜப்பானிய மொழியில் கண்ணுக்கு ‘மெ’ என்று பெயர். தையலைக் குறிக்கும் ‘நுயிமெ’ என்ற சொல்லிலும் அதே ‘மெ’ இருக்கிறது. ஆக, தையலில்லாத முதுகு காவலுக்குக் கண்ணில்லாத முதுகு. தீய சக்தி அவ்வழியே நுழைந்துவிடும் என்று தாய்மார்கள் அஞ்சினார்கள்.

அதனால் பிடரிக்குக் கீழே சில தையல்களை இட்டு, நூல் நுனியைத் தொங்கவிட்டார்கள். பிள்ளை அடுப்புக் குழியிலோ நீரிலோ தவறி விழுந்தால், தெய்வம் அந்த நூலைப் பிடித்துத் தூக்கிவிடுமாம். பச்சிளம் பிள்ளைகள் பலர் பிழைக்காத காலம் அது. பட்டில் தீட்டிய எந்த ஓவியத்தையும்விட இந்த நாலு விரல்கடை நூல்தான் என்னை உருக்குகிறது.

ஓவியங்களுக்கும் பொருள் உண்டு. பிறந்து ஒரு மாதமளவில் ஆலயத்துக்குக் கொண்டுசெல்லும் ‘மியாமயிரி’ சடங்கில், ஆண் குழந்தையின் கிமோனோவில் பருந்தும் போர்த் தலைக்கவசமும் இருக்கும். சணல் இலைக் கோலம் அன்றாட உடையிலும் வரும். சணல் விரைவாக, நேராக வளரும் செடி. கனசாவா பகுதியில் பல வீடுகளில் துணித்துண்டு கேட்டு வாங்கி, ஒட்டுத்துணிக் கிமோனோவும் தைத்தார்கள். அத்தனை வீடுகளின் நல்லாசியும் சேர்ந்து பிள்ளையைக் காக்கும் என்று நம்பினார்கள்.