நியூயார்க்ல, வேற நாட்டுலேருந்து வந்தவங்க தற்காலிகமா தங்குற ஷெல்டர்ல நடத்துற இங்கிலீஷ் கிளாஸ்ல வாராவாரம் ஆள் மாறுது, என்ன செய்யலாம்னு கேட்டதுக்கு

தொடர் பாடமா நடத்தாதீங்க, ஒவ்வொரு கிளாஸும் அன்னைக்கே முடியணும். ஒரு நாளைக்கு ஒரே சூழ்நிலை போதும், சூப்பர்வைசர் வேகமா சொன்னது புரியலன்னா "கேன் யூ ஷோ மீ, ப்ளீஸ்?"னு கேக்குறது, அத ஜோடி ஜோடியா நின்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும், கிராமர் அப்புறம்.

பாதிப் பேர் வராம போறத ஆர்வமில்லைன்னு எடுத்துக்காதீங்க. நீங்க சொல்ற நியூயார்க்லயே 2023ல தனியாளுக்கு 30 நாள், பிள்ளைங்களோட இருக்கிற குடும்பத்துக்கு 60 நாள்தான் ஒரு ஷெல்டர்ல தங்கலாம்னு கெடு வச்சாங்க, எடம் மாறினா கிளாஸும் போச்சு, பாவம்.

வராதவங்க இன்னும் அங்கதான் தங்கியிருக்காங்களான்னு ஸ்டாஃப்கிட்ட கேட்டுப் பாருங்க, இருந்தா பெரும்பாலும் ஷிஃப்ட் நேரம்தான் இடிக்கும், அப்ப கிளாஸ் நேரத்த மாத்துங்க.

ஒண்ணு மட்டும், வேலை பர்மிட், குடியேற்றப் பேப்பர் பத்தி கிளாஸ்ல யாரையும் கேக்கவே கேக்காதீங்க, பயந்துபோய் வர்றவங்களும் நின்னுடுவாங்க.